குருளையர் படிநிலைகளைப் புதுப்பிப்பது எப்படி? சேலத்துச் சமவெளியும் சேர்வராயன் மலையும் சொல்லும் விடைகள்

சாரண இயக்கம் என்றதும் சீருடையும் கழுத்துத் துணியும் அணிந்து அணிவகுத்து நிற்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருகின்றனர். அதே இயக்கத்தில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று இருப்பதும், அதற்கென்று தனி உறுதிமொழி, தனிச் சட்டம், தனிப் படிநிலைகள் வகுக்கப்பட்டிருப்பதும் பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை. கடந்த சில ஆண்டுகளாகப் பல நாடுகளின் சாரண அமைப்புகள் இந்தச் சிறுவர் பிரிவைத்தான் முதலில் திருத்தி அமைத்து வருகின்றன. அந்தத் திருத்தங்களுக்குப் பின்னால் உள்ள காரணங்களை விளக்குவதும், அவற்றில் எது சேலத்துப் பள்ளிகளுக்கும் ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமப் பள்ளிகளுக்கும் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியாவில் இப்பொறுப்பு பாரத சாரண சாரணியர் இயக்கத்தைச் சேர்ந்தது. 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அதுவரை தனித்தனியே இயங்கிய சாரண அமைப்புகள் ஒன்றிணைந்து இவ்வியக்கம் உருவாயிற்று. 1951-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் அமைப்பும் இதில் இணைந்தது. இவ்வியக்கத்தில் 5 வயது முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்கள் குருளையர் என்றும், சிறுமியர் நீலப்பறவையர் என்றும் அழைக்கப்படுகின்றனர். அவர்களுக்கும் இளைய மழலையருக்கு ‘பன்னி’ (Bunny, முயல்குட்டி) என்ற பிரிவு உண்டு. பத்து வயதைக் கடந்தவர்கள் சாரணர், சாரணியர் பிரிவுக்குச் செல்வர். குருளையருக்குப் பிரவேஷ், பிரதம் சரண், துவிதிய சரண், திருதிய சரண், சதுர்த்த சரண் என்று ஐந்து படிநிலைகள். நீலப்பறவையருக்குப் பிரவேஷுக்குப் பின் கோமல் பங்க், ரஜத் பங்க், ஸ்வர்ண பங்க், ஹீரக் பங்க். இரு பிரிவுக்கும் உச்சியில் இருப்பது தங்க அம்பு விருது.

இந்தப் படிநிலைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் இன்று தடையாகத் தோன்றும் பலவும் தொடக்கத்தில் தெளிவான காரணத்தோடு வகுக்கப்பட்டவை. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களைக் கொண்டு பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து சாரண இயக்கம் பிறந்தது. அது வளரிளம் பருவத்தினருக்கான இயக்கம். ஆனால் அண்ணன்மார் கூடும் இடத்துக்குத் தம்பிமாரும் வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டால் பெரியவர்களின் பயிற்சி நீர்த்துப்போகும், துரத்திவிட்டால் ஆர்வமுள்ள பிள்ளைகளை இழக்க நேரிடும் என்ற இக்கட்டில், 1914-இல் சிறுவர்களுக்கான திட்டம் ஒன்று சோதனையாகத் தொடங்கப்பட்டது. 1916 டிசம்பரில் அதற்கான கையேட்டைப் பேடன் பவல் வெளியிட்டார். பிரிவை உருவாக்குவதில் வேரா பார்க்லே என்ற பெண்மணி அவருக்குப் பெருந்துணையாக இருந்தார். ருட்யார்ட் கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட காட்டுக் கதைகளை ஆசிரியரின் ஒப்புதலோடு எடுத்துக்கொண்டு, ஓநாய்க் கூட்டத்தில் வளரும் மௌக்லி என்ற சிறுவனின் உலகத்தையே பிரிவின் சூழலாக்கினார்கள். அதனால்தான் இன்றும் குருளையரின் தலைவர் அகேலா எனப்படுகிறார். பிள்ளைகள் வட்டமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெருமுழக்கம் எழுப்புகிறார்கள். ஆறு பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரிந்து செயல்படுகிறார்கள். அந்தக் கதை நடக்கும் சிவனி மலைப்பகுதி இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ளது.

அந்தப் பழைய திட்டத்தில் படிநிலைகள் மிகக் குறைவு. உறுதிமொழி எடுத்த பிள்ளை இளங்குருளை. அதன் பின் முதல் நட்சத்திரம், இரண்டாம் நட்சத்திரம். நட்சத்திரங்களைத் தொப்பியில் குத்திக்கொள்வார்கள். பிறந்த ஓநாய்க் குட்டிக்குக் கண் திறந்திருக்காது. முதல் நட்சத்திரம் பெற்றால் ஒரு கண் திறந்ததாகவும், இரண்டாவதும் பெற்றால் இரு கண்களும் திறந்ததாகவும் பொருள். அந்த முதல் நட்சத்திரத்துக்கு என்ன கேட்டார்கள் என்பது இன்று படிக்கும்போதும் வியப்பைத் தருகிறது. குட்டிக்கரணம் போடத் தெரிய வேண்டும். பச்சைக்குதிரை தாண்ட வேண்டும். இரண்டு முடிச்சுகள் போட வேண்டும். நகத்தையும் பல்லையும் ஏன் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரிய வேண்டும். பெரும்பாலானவை உடலால் செய்து காட்டத்தக்கவை. எழுத்துத் தேர்வின் சாயல் அதில் ஏறக்குறைய இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் முந்தைய தொடர்பு உண்டு. பிரித்தானியர் நடத்திய சாரணப் படைகளில் இந்தியச் சிறுவர்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜி.எஸ்.அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கான சாரண அமைப்பைத் தொடங்கினார்கள். நம் மாநிலத்தில் பள்ளியோடு இணைந்தே இந்த இயக்கம் வளர்ந்தது. மேலைநாடுகளில் குருளையர் பிரிவை நடத்துவோரில் பெரும்பாலோர் பெற்றோர்களும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் ஆவர். கூடும் இடம் ஒரு சமூகக் கூடம், கூடும் நேரம் மாலை. இங்கே நடத்துபவர் வகுப்பாசிரியர், இடம் பள்ளி மைதானம், நேரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையோ சனிக்கிழமை முற்பகலோ. இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் வெளிநாட்டுத் திருத்தங்களை எடுத்துக்கொண்டால் அவை நம் பள்ளிகளில் நிற்காது.

இனி, வெளிநாடுகளில் நடந்த மாற்றங்கள். பிரிட்டனில் 1966-இல் வெளியான ஒரு சீர்திருத்த அறிக்கையைத் தொடர்ந்து ஓநாய்க் குருளையர் என்ற பெயர் குருளைச் சாரணர் என்று மாறியது. நட்சத்திரங்களின் இடத்தில் வெண்கல, வெள்ளி, தங்க அம்புகள் வந்தன. 1986-இல் அவர்களுக்கும் இளையவர்களுக்கு ‘பீவர்’ பிரிவு நாடளவில் ஏற்கப்பட்டது. 2021-இல் நான்கு, ஐந்து வயதினருக்கு ‘ஸ்குவிரல்’ பிரிவு தொடங்கப்பட்டது. வயது இடைவெளியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டே போவது அவர்கள் தேர்ந்தெடுத்த வழி.

அமெரிக்காவில் வேறு வழி. அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு படிநிலை. மழலையர் வகுப்புக்கு லயன், முதல் வகுப்புக்கு டைகர், இரண்டாம் வகுப்புக்கு உல்ஃப், மூன்றாம் வகுப்புக்கு பேர், நான்காம் வகுப்புக்கு வெபலோஸ், ஐந்தாம் வகுப்புக்கு ஆரோ ஆஃப் லைட். 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இந்த அமைப்பையே நேர்ப்படுத்தினார்கள். முன்பு புதிதாகச் சேர்பவர் பொதுவாகப் பாப்கேட் என்ற படிநிலையை முதலில் தனியே முடித்தாக வேண்டும். இப்போது அது தனிப் படிநிலையாக இல்லாமல் ஒவ்வொரு வகுப்பின் படிநிலைக்குள்ளும் முதல் செயல்பாடாக வைக்கப்பட்டுள்ளது. முன்பு ஒவ்வொரு படிநிலையிலும் செயல்பாடுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறுபட்டிருந்தன. இப்போது எல்லாப் படிநிலைக்கும் கட்டாயச் செயல்பாடுகள் ஆறு, விருப்பச் செயல்பாடுகள் இரண்டு. அந்த ஆறும் எல்லா வயதுக்கும் ஒரே துறைகளைச் சார்ந்தவை: நற்பண்பும் தலைமையும், திறந்தவெளி, உடல்நலம், குடிமைப் பொறுப்பு, தற்பாதுகாப்பு, குடும்பமும் வழிபாடும். அறு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே துறையில் ஈடுபடலாம்; ஆழம் மட்டும் மாறும்.

எண்ணிக்கைகளை விட இந்தக் கடைசிச் செய்தியே நமக்கு வேண்டியது. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் திட்டம் ஏணி முறையில் அமைந்தது. ஒரு படிநிலையை முடித்த பின்பே, அதற்குரிய கால இடைவெளியும் கடந்த பின்பே அடுத்ததற்குச் செல்ல முடியும். ஒன்றாம் வகுப்பிலேயே சேர்ந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இதில் குறையில்லை. பிரவேஷ் தொடங்கிச் சதுர்த்த சரண் வரை ஐந்து படிநிலைகளும் ஐந்து வகுப்புகளோடு அழகாகப் பொருந்தி வருகின்றன. ஆனால் நான்காம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளையின் நிலை என்ன? சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலைக்காகக் குடும்பம் இடம் மாறுவது உண்டு. சேலம் நகரில் விசைத்தறிக்கும் கட்டுமானத்துக்கும் வெள்ளிப் பட்டறைக்கும் வந்து குடியேறும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவிலும் பள்ளியில் சேர்கிறார்கள். ஒன்பது வயதில் சேரும் அப்பிள்ளை ஆறு வயதுத் தம்பி தங்கைகளோடு முதல் படியில் உட்கார வேண்டியதாகிறது. அதைவிடக் கொடுமை, பத்து வயது நிறைவதற்குள் அப்பிள்ளையால் உச்சிப் படியை எட்டவே இயலாது என்பது முதல் நாளே முடிவாகிவிடுகிறது. தாமதமாக வந்ததற்கான தண்டனையைப் பிள்ளை சுமப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஆகவே திருத்தத்தின் முதல் வேலை, புதுப் படிநிலைகளைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை என்பது என் உறுதியான கருத்து. இருக்கின்ற ஐந்தையும் வகுப்போடு இணைத்து, எந்த வகுப்பில் சேர்ந்தாலும் அந்த வகுப்புக்குரிய படிநிலையிலேயே பிள்ளை தொடங்கட்டும். உறுதிமொழி, சட்டம், வணக்கமுறை, இடக்கைக் குலுக்கல் ஆகிய பிரவேஷ் கூறுகளை ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் எல்லாரும் சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளலாம். புதிதாக வந்த பிள்ளை அப்போது பழையவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளும். இதற்கு ஒரு மறுப்பு எழும். ஐந்தாண்டு உழைத்த பிள்ளைக்கும் ஓராண்டே இருந்த பிள்ளைக்கும் வேறுபாடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அதைச் சேவை ஆண்டைக் குறிக்கும் சிறு சின்னம் காட்டிவிடும். தங்க அம்புக்கு மட்டும் குறைந்தது இரண்டு முழு ஆண்டுப் பங்கேற்பு கேட்கலாம். நீண்ட நாள் இருந்தமைக்குரிய மதிப்பும் வயதுக்குரிய வளர்ச்சியும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியவை. இன்று இரண்டும் ஒரே ஏணியில் கலந்து கிடக்கின்றன.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஒரே வகுப்பறையில் வெவ்வேறு நிலையிலுள்ள பிள்ளைகளைக் குழு குழுவாக அமர்த்திக் கற்பித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளைப் பிரித்து, ஒரே பாடப்பொருளை மூன்று ஆழங்களில் நடத்துகிறார்கள். ஒரே பொருள், வெவ்வேறு ஆழம் என்ற அந்தப் பழக்கத்தைக் குருளையர் மைதானத்துக்கும் கொண்டு வந்தால் போதும்.

மலைப் பள்ளிக்கு இது வசதி என்பதற்கும் மேலாக, வேறு வழியே இல்லாத தேவை. ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள சிற்றூர்களில் ஒன்றிலிருந்து ஐந்து வரை அனைத்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் தொடக்கப் பள்ளிகள் உண்டு. அங்கே ஐந்து படிநிலைக்கு ஐந்து வெவ்வேறு செயல்பாடுகளை ஒரே பிற்பகலில் நடத்தச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. வகுப்புக்கு ஒரு படிநிலை என்று நான் மேலே சொன்னதற்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதமும் இதுவே. அதற்கான விடையை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காட்டுவது நல்லது.

சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் 1820 வாக்கில் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகம் செய்தார். இன்று மலைப் பிள்ளைகளின் வீட்டைச் சுற்றி, சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடியின் அருகில் காப்பிச் செடி நிற்கிறது. பள்ளிக்கு அருகே உரிமையாளரின் இசைவோடு ஒரே ஒரு கிளையைத் தேர்ந்து அதில் வண்ண நூல் ஒன்றைக் கட்டுவோம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அதில் பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு கணுவில் உள்ள காய்களை எண்ணிச் சொல்லும். நிறத்தைப் பார்த்துத் தாளில் வண்ணம் தீட்டும். இரண்டாம் வகுப்பு மாதந்தோறும் ஒரு காயின் பருமனை நூலால் சுற்றி அளந்து, அந்த நூலை அட்டையில் ஒட்டி வைக்கும். மூன்றாம் வகுப்பு அதே கிளைக்கு வரும் எறும்பு, சிலந்தி, பறவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும். நாட்காட்டி ஆண்டின் இறுதி மாதங்களில் காய்கள் சிவக்கத் தொடங்கும்போது, ஒரே கொத்தில் சில சிவப்பாகவும் சில பச்சையாகவும் நிற்பதை நான்காம் வகுப்பு கவனிக்கும். ஒரே முறையில் ஏன் முழுவதையும் பறிப்பதில்லை என்று அறுவடைக்கு வரும் பெண்களிடம் கேட்டு வந்து சொல்லும். ஐந்தாம் வகுப்பு, பழத்தின் தோலை நீக்கி, கழுவி, களத்தில் காயவைக்கும் வேலையை நேரில் பார்த்து இளையவர்களுக்கு விளக்கிக் காட்டும். மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்து சில நாள் கழித்து அதே கிளையில் வெள்ளைப் பூ மலரும்போது பள்ளியில் ஆண்டு முடிவு நெருங்கியிருக்கும். மல்லிகையைப் போன்ற அந்த மணம் பரவும் நாளிலேயே ஐந்து வகுப்புக்கும் அந்த ஆண்டுச் சின்னத்தை வழங்கிவிடலாம். ஆசிரியருக்குத் தயாரிப்பு ஒன்று, செல்லும் இடம் ஒன்று, பிள்ளைகளுக்கு மட்டும் ஐந்து ஆழங்கள்.

சமவெளிக்கு இதே முறையில் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியை வந்தடைகிறது. 2010-இல் குடிமக்கள் முயற்சியால் தூர் வாரப்பட்டு, ஏரிக்குள் மண் திட்டுகள் அமைக்கப்பட்டு மரக்கன்றுகள் நடப்பட்டதால் இன்று பறவைகள் தங்கும் இடமாக அது இருக்கிறது. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும் இதே மலையில்தான் பிறக்கிறது. மலையில் அதன் நீரையும் நகருக்குள் அதன் நிலையையும் அடுத்தடுத்துக் காணும் பிள்ளைக்குக் குடிமைப் பொறுப்பைப் பற்றித் தனியே பாடம் நடத்தத் தேவையிருக்காது. சின்ன வகுப்புகள் கரையில் நின்று பறவைகளை இனம் காணட்டும். பெரிய வகுப்புகள் ஆற்றின் ஒரே பாலத்தை ஜூனிலும் நவம்பரிலும் பார்த்து வந்து வரையட்டும். ஆனால் ஒரு கட்டுப்பாடு இன்றியமையாதது: நீர்நிலை அருகே செல்லும்போது பெரியவர்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வந்துவிடும் தொலைவுதான், ஆனால் திறந்தவெளிச் செயல்பாடு என்ற ஒரே சொற்றொடர் இரண்டு இடங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. பிப்ரவரிக்குப் பின் நகரப் பள்ளி மைதானத்தில் காலை ஒன்பதரை மணிக்கு மேல் ஆறு வயதுப் பிள்ளைகளை நிற்க வைப்பது தவறு. மலையிலோ கவலை வேறு. மூடுபனியும் மழையும், சில பகுதிகளில் காட்டெருமை நடமாட்டமும் பிற்பகல் நேரத்தைக் குறுக்கிவிடுகின்றன. எனவே மாவட்டம் முழுவதற்கும் ஒரே கால அட்டவணையை விதிக்காமல், துறையை மட்டும் பொதுவாக வைத்து மாதத்தைப் பள்ளியே முடிவு செய்ய விடுவதே அறிவுடைமை.

உள்ளூர்ப் பொருள்களைப் பயன்படுத்துவதற்குச் சாரண இயக்கத்தின் பழைய விளையாட்டுகளிலேயே இடம் இருக்கிறது. கிம் விளையாட்டு எனப்படும் நினைவாற்றல் விளையாட்டில், தட்டில் பரப்பிய பொருள்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, துணியால் மூடிய பின் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். பல இடங்களில் பென்சில், அழிப்பான், பொத்தான் என்று எங்கும் கிடைக்கும் பொருள்களையே வைக்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு கைப்பிடி ஜவ்வரிசி, கொலுசின் திருகாணி ஒன்று, மாங்கொட்டை, காப்பிக் கொட்டை, மிளகு, வெள்ளைக்கல் துண்டு, தறியில் அறுந்த நூல் ஆகியவற்றை வைத்தால், விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைக்கிறது, யார் செய்கிறார்கள் என்ற பேச்சு தானாகவே எழும். அந்தத் தட்டில் அவர்களுடைய அப்பாவோ அம்மாவோ கையால் தொட்டு வேலை செய்யும் பொருள் ஒன்றாவது இருக்கும். அதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் பிள்ளையின் முகத்தில் வரும் பெருமிதத்தை எந்தச் சின்னமும் கொடுத்துவிட முடியாது.

முடிச்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் படிநிலைத் தேர்வுகளில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் அது. ரீஃப் முடிச்சுக்கு இடக்கைக் கயிற்றை வலக்கைக் கயிற்றின் மேல் போட வேண்டும், பிறகு வலக்கைக் கயிற்றை இடக்கைக் கயிற்றின் மேல். இடம் வலம் என்ற வேறுபாடே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில்தான் உறுதிப்படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை அம்முடிச்சைத் தவறாகப் போட்டால் அது கவனக்குறைவு ஆகாது. விரலும் மூளையும் இன்னும் அந்த வேலைக்குத் தயாராகவில்லை. சுண்டுவிரல் பருமனுள்ள பருத்திக் கயிறு இரண்டை, ஒன்று சிவப்பும் மற்றது வெள்ளையுமாகக் கொடுத்து, “சிவப்பு மேலே வரட்டும், திரும்பவும் சிவப்பே மேலே வரட்டும்” என்று சொன்னால் இடம் வலம் பிரச்சினையே எழாது. சரியாக அமைந்த முடிச்சில் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தட்டையாகக் கிடக்கும். பிள்ளை அதைக் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு வகுப்புகளுக்குச் செருப்பு வார் மாட்டுவது, பொத்தான் போடுவது, பையின் வாயை நூலால் கட்டுவது ஆகியவற்றைக் கைத்திறனாக ஏற்றுக்கொண்டு, ரீஃப் முடிச்சை மூன்றாம் வகுப்புக்கு நகர்த்தினால் திட்டத்தின் தரம் சற்றும் குறையாது.

அமெரிக்கத் திருத்தத்தில் நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டியது, தற்பாதுகாப்பை ஒவ்வொரு படிநிலையிலும் கட்டாயமாக்கியிருப்பது. ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று விடாமல், வயதுக்குத் தக்கவாறு ஆண்டுதோறும் அதையே மீண்டும் பேசுவது பிள்ளையின் மனத்தில் தயக்கத்தைப் போக்கும். ஐந்து வயதில் தன் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொலைபேசி எண்; அடுத்த ஆண்டு பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்; பிறகு நம்பத்தக்க பெரியவர் மூவரின் பெயரைத் தானே சொல்வது; அதன் பின் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது, எப்படி அழைப்பது என்பது. சேலம் மாவட்டச் சிற்றூர்களில் திறந்த கிணறுகளும் கல்குவாரிக் குட்டைகளும் இருப்பதால் நீர்ப் பாதுகாப்பும் இதில் சேர வேண்டும். மலையில் வளைவுச் சாலையின் ஓரமாக நடக்கும் முறையும் சேர வேண்டும். இந்தப் பகுதியைத் தேர்வாக நடத்தக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். மதிப்பெண் வரும் என்று தெரிந்தால் பிள்ளை எதிர்பார்க்கும் விடையைச் சொல்லும். மனத்தில் உள்ளதைச் சொல்லாது.

மனப்பாடம் பற்றிய கேள்வி இங்கே வந்து நிற்கிறது. குருளையர் சட்டம் மிகச் சுருக்கமானது: பெரியோருக்குப் பணிந்து நடப்பதும், தூய்மையும் பண்பும் உடையவராக இருப்பதும். அதை ஐந்து வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. நம் பிள்ளைகள் ஆத்திசூடியையும் அப்படித்தான் கற்கிறார்கள். ஆனால் தேர்வு முகாமில் கொடியின் அளவு, இயக்கம் தொடங்கிய நாள், தலைவர்களின் பெயர் என்று கேள்விகள் வரிசையாக வரும்போது, விடை சொல்லத் தெரிந்த பிள்ளை தேர்ச்சி பெறுவதும், அணியில் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பிள்ளை ஒதுக்கப்படுவதும் நிகழ்கின்றன. 1916-இன் திட்டம் குட்டிக்கரணம் கேட்டது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பழமைக்குத் திரும்புவதே பல இடங்களில் புதுப்பித்தலாக அமையும். மௌக்லியின் கதையையும் அதே காரணத்துக்காகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கூட்டமாக வாழ்வதன் நெறியைச் சொற்பொழிவின்றிச் சொல்லித் தரும் வேறு கதைகள் அதிகமில்லை. நீலப்பறவையர் பிரிவு தன் சூழலாகக் கொண்டுள்ள தாரா என்ற சிறுமியின் கதைக்கும் இது பொருந்தும்.

குருளையருக்கும் நீலப்பறவையருக்கும் தனித்தனித் திட்டம் இருப்பது இருபாலரும் படிக்கும் தொடக்கப் பள்ளியில் ஆசிரியரின் சுமையை இரட்டிப்பாக்குகிறது. பெயரும் சின்னமும் உறுதிமொழி விழாவும் தனித்தனியே தொடரட்டும். காப்பிக் கிளைக்கும் ஏரிக்கரைக்கும் தற்பாதுகாப்புக்கும் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று இரு வேறு பட்டியல் தேவையில்லை. செயல்பாடு பொதுவாகவும் சின்னம் தனியாகவும் இருந்தால் ஒரே ஆசிரியர் இரு பிரிவையும் நடத்த முடியும்.

இவற்றில் மாவட்ட அளவிலேயே செய்யத்தக்கவை எவை என்பதில் தெளிவு வேண்டும். படிநிலைகளின் பெயர், வரிசை, கால இடைவெளி, தங்க அம்பின் தகுதி ஆகியவை தேசியத் தலைமையகத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. அவற்றில் கைவைக்க மாவட்டத்துக்கு அதிகாரம் இல்லை. இயற்கை ஆய்வுக்கு எந்தச் செடி, நினைவாற்றல் விளையாட்டுக்கு எந்தப் பொருள், நடைப்பயணத்துக்கு எந்த ஏரி, எந்தக் கயிற்றைக் கொண்டு முடிச்சு, எந்த மாதத்தில் எந்தத் துறை என்பவற்றை முடிவு செய்வதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. மேலே விரித்துச் சொன்னவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

எஞ்சுவது ஆசிரியர் பயிற்சி. குருளையர் ஆசிரியர்களுக்கு அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, அதன் பின் இமாலய மர மணிச் சின்னம் என்று முறையான வரிசை உண்டு. அந்தப் பயிற்சியை மலை ஆசிரியர்களுக்கு மலையிலேயே நடத்துவது நல்லது. இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளியிலிருந்து ஒருவரைப் பல நாள் வெளியூருக்கு அனுப்பினால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் தனியாகத் தாங்க வேண்டும். அதனாலேயே பல பள்ளிகள் பெயர் கொடுக்கத் தயங்குகின்றன. மே மாத விடுமுறையின் கடைசி வாரத்தில், ஏற்காட்டிலுள்ள ஒரு பள்ளியில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டத்தில் உள்ள ஆர்க்கிடுகளையும் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியையும் பார்ப்பதையும் உள்ளடக்கிப் பயிற்சி அமைந்தால், ஆசிரியர்கள் ஜூன் மாதத்துக்கு வேண்டிய கயிறு, நூல், பதிவு அட்டை ஆகியவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பலாம். பிள்ளைக்கு ஒன்று என்று வைக்கப்படும் அந்த அட்டையில் தேர்ச்சி, தோல்வி என்ற கட்டங்கள் வேண்டாம். இன்ன மாதம் இதைச் செய்தான், இதைக் கேட்டாள் என்று ஆசிரியர் எழுதும் ஒரு வரி இருக்கட்டும். ஓர் ஆண்டு முடிவில் சமவெளிப் பள்ளிகளின் அட்டைகளையும் மலைப் பள்ளிகளின் அட்டைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தச் செயல்பாடு எந்த வயதுக்குக் கடினம், நடுவில் சேர்ந்த பிள்ளைகள் எந்தப் படியில் தேங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கால இடைவெளியையும் விருதுத் தகுதியையும் மாற்றக் கோரித் தலைமையகத்துக்கு மாவட்டம் எழுதும் கடிதத்தோடு இணைக்க வேண்டிய சான்று அதுவே.